தகரம் தட்டினால் இறங்கி வரும் அணில்கள்

இன்னும் பிறக்காத என் மகனுக்கு,

உனக்கு அம்மாவாகப் போகிறவள் எழுதுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்த வீட்டில் மனதில் இருப்பதைச் சொல்ல ஆள் இல்லை. தோழிக்கு எழுதலாம் என்றால், எழுத வேண்டிய விஷயமே அவளைப் பற்றியதாக இருக்கிறது. டைரி எழுதினால் அம்மா எடுத்துப் படித்துவிடுவாள். மகனுக்குத் தாய் எழுதும் கடிதம் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. பரீட்சையில் கடிதம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி கட்டாயம் உண்டு. யாராவது எழுந்து வந்தால் மேலே வைத்துக்கொள்ள, உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, கெட்ட சகவாசம் வேண்டாம் என்று ஒரு பக்கம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அதையும் நீ எடுத்துக்கொள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உனக்கு நான் சொல்ல வந்தது அதற்கு அடியில் இருக்கும் இந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

நாளைக் காலை அப்பா என்னை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, வனத்துறை ஆபீசுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே ரேஞ்சர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நாய் கவ்வுவதற்கு முன்னாலேயே அந்த மலையணில் மயங்கிக் கிடந்தது என்று. அப்படிச் சொன்னால், அதற்கு விஷம் வைத்தவர் பக்கத்துத் தோப்புத் தங்கராசு மாமா என்று ஆகிவிடும், அவரைக் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால் அப்பாவைக் கொண்டுபோவார்கள். அந்த அணில் மயங்கிக் கிடக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தில் எழுதுவதால் முன்பின்னாக இருக்கும், பொறுத்துக்கொள்.

எங்களுக்கு மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அதன் மேற்கு வேலியைத் தாண்டினால் காடு. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இரண்டு ஜாதி மாங்காயும் காய்க்கும். பூப்பிடிக்கிற சமயத்தில் அப்பா அதை வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார். பறிப்புக் காலத்தில் பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து, வைக்கோல் பரப்பிக் கூடை கூடையாக அடுக்குவார்கள். மலையணில்கள் அப்போதும் உண்டு. பூனை அளவு இருக்கும், சாம்பல் நிறம், உடம்பைவிட வால் நீளம். பிஞ்சிலேயே கடித்துக் கீழே போட்டுவிடும். எங்கள் காவல்காரர் சுப்பையா அண்ணன் பழைய எண்ணெய் டின்னை வெட்டி நிமிர்த்தி, அந்தத் தகரத்தைக் கிளையில் தொங்கவிட்டுக் கம்பால் அடிப்பார். சத்தம் கேட்டதும் அவை கொப்புக்குக் கொப்பு தாவிக் காட்டுக்குள் போய்விடும். சுற்றியிருக்கிற எல்லாத் தோப்பிலும் இதே தகரம்தான், இதே சத்தம்தான். அவை தரையில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் உச்சியிலேயே கூடு கட்டி, குட்டி போட்டு, அங்கேயே வாழ்ந்து முடிகிற பிராணி அது.

காட்டைச் சரணாலயம் என்று அறிவித்த பிறகு, ஆண்டாள் கோயிலுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை டாக்ஸிக்காரர் எங்கள் தோப்புக்குக் கூட்டி வந்தார். அவர்கள் மரத்தடியில் ஒரு வார்த்தை பேசாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் போல ஓர் அணில் உச்சிக் கிளையில் தெரிந்தது. அதற்கே அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வருஷம் பூ பிடித்த நேரம் பார்த்து மழை பெய்து, அத்தனையும் கருகிக் கொட்டிப்போயிருந்தது. குத்தகைக்காரர் தோப்புப் பக்கமே வரவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைத் தொடாமல் அம்மாவிடம் சொன்னார். "நம்ம கல்லெறிஞ்சு வெரட்டுத ஒன்னப் பாக்க இவிய கடல் தாண்டி வாராகளே. நம்ம என்னத்தப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கோம்?" அவரை நான் குறை சொல்லவில்லை. மழைக்குத் தோற்றவன் வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மதுரையில் வெளிநாட்டுக்காரர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போகும் ஏஜெண்டு ஒருவர் வந்து பார்த்தார். அவரை எங்கள் வீட்டில் மதுரைக்காரர் என்றுதான் சொல்வோம். அவர் சொன்னபடி தோப்புக்குள் ஓட்டு அறைகள் கட்டினார்கள். மேலே தண்ணீர்த் தொட்டி, உள்ளே சுடுதண்ணீர்க் குழாய், கரண்டு போனால் ஓட ஜெனரேட்டர். கிணற்றில் பெரிய மோட்டார் இறக்கினார்கள். வந்தவர்கள் காலையும் மாலையும் குளித்தார்கள், படுக்கை விரிப்பைத் தினமும் மாற்றினார்கள். பக்கத்துத் தோப்புக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது என்று தங்கராசு மாமா சொன்னபோது, "கோடை, மாப்ள" என்றார் அப்பா. அது கார்த்திகை மாதம். மாங்காய் பறிக்கிற சத்தத்துக்கு அணில் வராது என்று அப்பா குத்தகை விடுவதையே நிறுத்திவிட்டார். கூடை அடுக்கிய பெண்களில் சிலர் இப்போது ஓடையில் படுக்கை விரிப்பு துவைக்கிறார்கள். சோப்புத்தூள் நுரை ஓடையோடு கீழே கண்மாய்க்குப் போகிறது. மற்றவர்கள் பஸ் ஏறி மில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் கறக்கிற பாலும் இடுகிற முட்டையும் தோப்புக்கு வந்துவிடுவதால், டீக்கடையில் டீ வெந்நீராகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் எங்கள் கேட்டில் நின்று பேனா கேட்கிறார்கள். காலித் தண்ணீர் பாட்டில்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சுப்பையா அண்ணன் அவற்றைக் காட்டு ஓரப் பள்ளத்தில் கொட்டி வருகிறார்.

மகனே, நீ படித்து வேலைக்குப் போய், ஒரு நாள் நீயும் வேறு தேசத்துக்கு ஊர் சுற்றப் போவாய். போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குழாயைத் திறந்து சுடுதண்ணீர் கொட்டும்போது, இது யாருடைய கிணறு என்று ஒரு தரம் நினைத்துப் பார். நீ போய்ச் சேர்வதற்கு முன்னால் அந்த இடத்தில் யார் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்று கேள். கேட்டால் உன்னோடு வந்தவர்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை, கேள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சுற்றுலாவும் நாட்டு வளர்ச்சியும் என்று ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எனக்குத்தான் முதல் பரிசு. சுற்றுலா புகையில்லாத தொழிற்சாலை, அந்நியச் செலாவணி வெள்ளம்போல் வந்து குவிகிறது, விருந்தோம்பல் நம் ரத்தத்தில் ஊறியது என்று எழுதியிருந்தேன். அப்பா அந்தக் கட்டுரைக்குச் சட்டம் போட்டுத் தோப்பு வரவேற்பறையில் மாட்டினார். எழுதும்போது நான் அதை நம்பித்தான் எழுதினேன். பிறகுதான் பார்த்தேன். வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் அவர்கள் ஊரிலேயே பணம் கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். அது அங்கே ஒரு கம்பெனிக்கும், டெல்லியில் ஒரு கம்பெனிக்கும், மதுரைக்காரருக்கும் போய், மிச்சம்தான் அப்பாவுக்கு வருகிறது, அதுவும் பல மாதம் கழித்து. அவர்கள் சாப்பிடுகிற டப்பா வெண்ணெயும் தண்ணீர் பாட்டிலும்கூட வெளியூரிலிருந்துதான் வருகின்றன. கடைமடை வயலுக்கு வந்து சேரும் தண்ணீர் மாதிரி, ஊருக்கு எட்டியது ஈரம் மட்டும்தான். நாட்டுக்கு வந்தது என்று எழுதினேனே, அந்த நாட்டில் ஓடையில் துவைக்கிற பெண்கள் உண்டா இல்லையா என்று நான் யோசிக்கவில்லை.

அணில் விஷயத்துக்கு வருகிறேன். வருகிறவர்கள் ஒரு ராத்திரிதான் தங்குகிறார்கள். காலையில் அணில் தெரியாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கோபம் மதுரைக்காரர் வழியாக அப்பாவிடம் திரும்பி வரும். அதனால் அப்பா மரத்தடியில் ஒரு கல்மேடை கட்டி, நிலக்கடலையும் தேங்காய்ச் சில்லும் பலாச்சுளையும் போடச் சொன்னார். முதலில் வந்தவை குரங்குகள். அவற்றை விரட்ட, தீனி வைக்கிற நேரமெல்லாம் சுப்பையா அண்ணன் பழக்க தோஷத்தில் தகரத்தைத் தட்டினார். குரங்குகள் அவர் கையில் இருந்த உண்டிவில்லுக்குப் பயந்து போய்விட்டன. அணில்கள் உச்சியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கின்றன. தகரம் தட்டினால் குரங்கு போய்விடும், கடலை இருக்கும் என்று அவை கண்டுகொண்டன. மழைக்காலம் முடிவதற்குள், எந்தச் சத்தத்துக்குக் காட்டுக்குள் ஓடினவோ அதே சத்தத்துக்கு அடிமரம் வழியாகத் தலைகீழாக இறங்கித் தரைக்கு வர ஆரம்பித்தன. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காபி குடித்து முடிக்கிற விருந்தாளிகளை மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்து, தகரத்தைத் தட்டச் சொல்வார். அவை வரும். கேமராக்கள் சத்தம் போடும்.

நான்தான் மொழிபெயர்ப்பு. லீவு நாட்களில் அப்பா என்னைத் தோப்புக்குக் கூட்டிப்போய்விடுவார். இவை எப்போதும் இப்படித் தரைக்கு வருமா என்று அவர்கள் கேட்பார்கள். வரும் என்று நான் இங்கிலீஷில் சொல்வேன். அப்பா அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். நீ எங்கேயாவது போய் நிற்கும்போது, காட்டுப் பிராணி ஒன்று தானாக உன் காலடிக்கு வந்தால் உடனே மகிழ்ந்துவிடாதே. பக்கத்தில் பாவாடை தாவணியில் நிற்கிற பெண் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதே.

நாங்கள் யோசிக்காதது ஒன்று உண்டு. தகரம் எங்கள் தோப்பில் மட்டும் இல்லை. தங்கராசு மாமாவுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் தென்னையும் கொஞ்சம் மாவும். அவர் மகள் செல்வி என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். அவர் தன் தோப்பைக் காக்க வழக்கம்போலத் தகரத்தைத் தட்டினால், காட்டில் இருந்த அணிலெல்லாம் அவர் தோப்புக்கு ஓடி வந்தது. ஒரு நாள் கேட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார். அவருக்குக் கோபம் வந்தாலும் பேச்சு சிரிப்பாகத்தான் வரும்.

"மச்சான், முன்ன நான் தட்டுனா அதுக ஓடும். இப்ப தட்டுனா பந்திக்கு எல போட்ட மாதிரி வந்து உக்காருது. கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"நீ தட்டாம இரு."

"தட்டாட்டி வந்தது மட்டும் திங்குது. தட்டுனா சொந்தக்காரவுகளையும் கூட்டிட்டு வருது. எளநி ஒன்னு விடல. நான் என்னதான் செய்ய, சொல்லுங்க."

"வெடி கிடி போட்டுறாத. ஆளுக தங்கியிருக்காக. போட்டேன்னா நான் ஸ்டேசனுக்குப் போவேன், ஆமா."

"நல்லா இருக்கே. ஒங்க விருந்தாளிக்கு எம் மரத்துல பந்தி. வெடியும் போடக்கூடாது, தகரமும் தட்டக்கூடாதுன்னா, வெசந்தான் வைக்கணும் போல."

அவர் சொன்னது அவ்வளவுதான். டீக்கடையிலும் அதையே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். கேட்டவர்களும் சிரித்தார்கள். அவர் விஷம் எதுவும் வைக்கவில்லை. தென்னை மட்டைகளில் முள்ளைக் கட்டிப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

எங்களிடம் ஒரு நாய் இருக்கிறது. ராஜபாளையத்து நாய், சுத்த வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் நிறம். அப்பாவுக்கு அதன் மேல் உயிர். அதற்குத் துரை என்று பேர் வைத்திருக்கிறார். "நம்ம தொரையப் பாக்க அந்தத் தொரைமாரு வாராக" என்று சுப்பையா அண்ணன் சொல்லிச் சிரிப்பார். காட்டுப்பன்றியை ஓடவிட்டுப் பிடிக்கவே வளர்த்து வந்த இனம். இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அது என்ன செய்யும் என்று தெரியும். அணில் மரத்தில் இருந்தவரை அதனால் ஒன்றும் இல்லை. துரை அதை அண்ணாந்துகூடப் பார்த்தது கிடையாது.

போன மாதம் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். வயதானவர்கள், அமைதியானவர்கள். அந்தம்மா கையில் வீடியோ கேமரா. அவர்கள் மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் நான். அணில் வருவதற்குள் நாயையும் படம் எடுக்கலாமா என்று அந்தம்மா கேட்டாள். சங்கிலி இல்லாமல் நின்றால் நன்றாக இருக்கும் என்றாள். நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா பெருமையோடு தானே போய்த் துரையைச் சங்கிலியிலிருந்து விட்டுவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அதே நேரத்தில், பின்னால் இருந்த சுப்பையா அண்ணன் வழக்கமான வேளை வந்துவிட்டது என்று தகரத்தைத் தட்டினார். ஓர் அணில் இறங்கியது. பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய் அணில். அடிமரத்தில் ஒரு கணம் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, பயமே இல்லாமல் தரையில் குதித்து மேடையை நோக்கி ஓடி வந்தது. அப்பாவின் கை நாயின் கழுத்தில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு கையில் ஒன்றும் இல்லை. அந்தம்மா கேமராவைக் கீழே போட்டாள். துரை அணிலைக் கவ்விக் கொண்டுவந்து அப்பாவின் காலடியில் வைத்தது. எதைப் பிடித்தாலும் அங்கேதான் வைக்கும், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்.

அப்பா என் காதருகே வந்து, "இதெல்லாம் காட்டுல சகஜம், நெறையா இருக்குன்னு சொல்லு" என்றார். நான் சொன்னேன். அந்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். ஊருக்குப் போய், நாய் அணிலைக் கொன்றது என்று மட்டும் எங்கேயோ புகார் எழுதியிருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள். அது டெல்லிக்குப் போய், மெட்ராசுக்கு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு இறங்கியபோது, யாராவது ஒருவரைப் பிடித்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. அப்பா ரேஞ்சரிடம் சொன்ன கதை சின்னது. பக்கத்துத் தோப்புக்காரன் விஷம் வைத்தான், அணில் மயங்கி வந்து விழுந்தது, விழுந்து கிடந்ததைத்தான் நாய் கவ்வியது. வெசந்தான் வைக்கணும் போல என்ற பேச்சுக்கு டீக்கடையில் சாட்சிகள் இருந்தார்கள். பரிசோதிக்கச் செத்த அணிலும் இல்லை. துரை கடித்த அன்றே சுப்பையா அண்ணன் அதைப் புதைத்துவிட்டார், எங்கே என்று கேட்டால் ஞாபகம் இல்லை, நடந்ததையும் பார்க்கவில்லை என்கிறார். மிச்சம் இருக்கிற கண்ணால் பார்த்த சாட்சி நான்.

அப்பா என்னிடம் கத்தவில்லை. நேற்றுச் சாயங்காலம் எனக்குப் பிடித்த பால்கோவா வாங்கி வந்தார். பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பாப்பா, நான் ஒன்னையக் கொலை பண்ணச் சொல்லல. ஒரு வார்த்த. மயங்கிக் கெடந்துச்சு. அம்புட்டுத்தான்."

"தங்கராசு மாமா என்ன ஆவாக, அப்பா?"

"வக்கீல் வச்சு வெளிய எடுத்துருவேன். அவன் எனக்கு மாப்ள மொறை, விட்டுருவேனா?"

"அவுக ஒன்னும் செய்யலயே."

"நானும்தான் ஒன்னும் செய்யல" என்றார். "கைய விட்டு நழுவிருச்சு. அதுக்கு என்னைய ஜெயில்ல போடுவாங்களா?" அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. பால்கோவா என் கையிலேயே இருந்தது. திங்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் தைரியம் வரவில்லை.

நீ நினைக்கலாம், உண்மை ஒரு பக்கம், பொய் ஒரு பக்கம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். செல்விக்காகவாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனதில் தீர்மானித்து, இன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"ஏட்டி, நாளைக்கு ஒங்கப்பா சொன்னதையே சொல்லிரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மயங்கிக் கெடந்துச்சுன்னா?"

"ஆமா."

"அப்படிச் சொன்னா ஒங்கப்பாவப் புடிச்சிருவாக, பைத்தியமா ஒனக்கு?"

"எங்கப்பாதான் சொல்லச் சொன்னாக." அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "எங்க தோப்ப ஒங்கப்பாவுக்கே எழுதிக் குடுக்கப் போறாக. அதுல இன்னும் ரூம் கட்டப் போறாகளாம், மதுரக்காரரு கேட்டிருக்காரு. எங்கப்பாவுக்கு அங்கேயே வாச்மேன் வேல. ஒங்கப்பா உள்ள போயிட்டா அதெல்லாம் நடக்குமா? தண்ணியில்லாத தோப்ப வேற யாரு வாங்குவா? எங்கம்மா துணி தொவைக்கிறதும் ஒங்க எடத்துலதான்."

"செல்வி, தண்ணி ஏன் இல்லாமப் போச்சு?"

"எனக்குத் தெரியாதா? நீ பெரிய இவ மாதிரி கேக்காத. நீ உண்மையச் சொல்லிட்டு நல்லவளா வீட்டுக்குப் போயிருவ. நாங்க என்னத்தத் திங்க?"

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டாள். சாயங்காலம் வரை ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். மகனே, என் கட்டுரையில் எழுதாதது இதுதான். ஒருவருடைய கிணற்றை வற்றச் செய்து, மரத்தை வெறுமையாக்கி, அவர் பேரில் பழியையும் போட்டுவிட்டு, கடைசியில் அவரே வந்து இந்த இடத்தை மூடிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடும்படி செய்ய முடியும். எந்தப் பெரிய ஆலையும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. இதில் அப்பா மட்டும் கெட்டவர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அணிலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த மனிதரிலிருந்து, புகார் எழுதிய அந்தம்மா வரை எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். செத்தது ஓர் அணில், அது விட்டுப்போன குட்டிகள், அவ்வளவுதான். அவற்றின் பக்கம் பேச ஒருவருக்கும் லாபம் இல்லை.

அதனால்தான் நான் சொல்லலாம் என்று இருக்கிறேன். தங்கராசு மாமாவுக்காகச் சொல்கிறேன் என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் வேண்டாம் என்கிறார். செல்வி என்னோடு இனி பேசமாட்டாள். சொன்னால் தோப்பை மூடிவிடுவார்கள், மூடினால் கிணற்றில் தண்ணீர் ஊறும், ஊறினால் எல்லாம் சரியாகும் என்று நான் நம்பவும் இல்லை. மதுரைக்காரர் வேறு ஒரு அடிவாரத்தில் வேறு ஒருவருடைய தோப்பைப் பார்த்துக்கொள்வார். ஆனால் நாளை நான் மயங்கிக் கிடந்தது என்று சொல்லிவிட்டால், அடுத்த லீவுக்கு அதே நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்று, இவை எப்போதும் இப்படித்தான் வரும் என்று மறுபடியும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எல்லா லீவுக்கும். அதை நினைத்தால் ரேஞ்சரைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

படுக்கப் போவதற்கு முன் அம்மா வந்து என் தலையைச் சீவிவிட்டாள். சின்னப் பிள்ளைக்குச் செய்வது போலச் செய்தாள். அவள் இந்த விஷயத்தில் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. நான் சொல்லப் போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது போலும்.

"பெத்த தகப்பன ஜெயிலுக்கு அனுப்புனவளுன்னு ஒரு பேரு வந்துட்டா, ஒன்னைய எவன்டி கட்டுவான்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஜடையைப் பின்னி முடித்து, ரிப்பனைக் கட்டிவிட்டு, விளக்கை அணைக்காமல் போய்விட்டாள்.

அவள் சொல்வது நடக்கும். இந்த ஊரை எனக்குத் தெரியும். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் தெரு முனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். உன் அப்பாவாக ஆகியிருக்க வேண்டியவர் எங்கேயோ வேறு ஒரு வீட்டுப் படியேறுவார். நாளைக்கு அந்த ஆபீசில் நான் வாயைத் திறந்தால், நீ வராமலே போய்விடலாம். இத்தனை பக்கம் உன்னைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, இப்போது இதையும் உன்னிடமே சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு ஒரு மகன் வேண்டும் என்று ஆசைதான். அப்பாவை மாதிரி மூக்கு இருக்கும், கணக்கில் சுமாராக இருப்பான் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன்.

அந்த அணில் மயங்கிக் கிடக்கவில்லை, ஓடித்தான் வந்தது என்று நாளை சொல்லப் போகிறேன். நீ வரவில்லை என்றால் அதற்குக் காரணம் இதுதான், வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மாவாக இருக்க ஆசைப்பட்டவள்